ஒதுக்கு

பனிப்பெட்டிக்குள் ஒரு சிறுநீரகம்.
புவெர்த்தோ மோன்ட், மருத்துவமனையின் மூன்றாம் மாடி,
திங்கள் விடியுமுன் இரண்டு நாற்பது.
யாஸ்னா பர்ரியாவின் மேசையில்
ஆறிப்போன தேநீரும்
கணினி போட்டுக்கொடுத்த பதினொரு பெயர்களும்.

இரத்த வகை, திசுப் பொருத்தம், காத்திருந்த நாள்:
புள்ளிகளைக் கூட்டி
இயந்திரம் வரிசை கட்டிவிட்டது.
அவளுக்குக் கூப்பிடுகிற வேலை மட்டும்.

முதல் பெயர் ரோசமெல் நவுவெல்கின்.
ஆயிரத்து நானூற்றுப் பதினாறு நாள்.
மணி அடிக்கிறது,
அடிக்கிறது,
பதிவு செய்த பெண்குரல் ஒன்று
தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது.

அவருக்குச் செவ்வாய், வியாழன், சனி
டயாலிசிஸ் நாற்காலி. ஏழாம் எண், ஜன்னலோரம்.
மீன்துறை எழுதித் தந்தது
மாதம் நானூறு கிலோ மெர்லூசா.
பிடிக்காத கிலோ அடுத்த மாதத்தில் சேராது.
இன்று மாதக் கடைசி,
இன்னும் அறுபது கிலோ பாக்கி.
கடலில் தனக்கென்று எழுதியதை
அள்ளப் போயிருக்கிறவரைக்
கரையில் எழுதியது தேடுகிறது.

விதி முப்பது நிமிடம் தருகிறது.

அந்த முப்பது நிமிடத்துக்குள்
அழைப்பில்லாமல் நுழைகிறேன் நான்,
அந்தக் குளிரை அறியாதவன்.
இதைச் சொல்ல என் கையில் ஒரே ஒரு வினை:
நிதி ஒதுக்கு. நேரம் ஒதுக்கு.
லாரி வருகிறது, வண்டியை ஓரமாய் ஒதுக்கு.
தட்டில் கறிவேப்பிலையை ஒதுக்கு.
அவனோடு யாரும் பேசக்கூடாது, ஒதுக்கு.
தருவதற்கும் தள்ளுவதற்கும் ஒரே சொல் வைத்தவர்கள்
சொல்லுக்குப் பஞ்சப்பட்டவர்களா,
இல்லை, இரண்டும் ஒரே கையசைவு என்று
கிட்டே நின்று பார்த்தவர்களா?

யாஸ்னாவின் தம்பி யெர்கோ நிரல் எழுதுபவன்.
நினைவகம் பற்றி ஒருமுறை சொன்னான்:
கேட்கிற நிரலுக்கு இத்தனை பைட் என்று ஒதுக்குவோம்,
வேலை முடிந்ததும் விடுவிப்போம்.
விடுவித்த இடத்தைப் பெரும்பாலும் யாரும் துடைப்பதில்லை.
அடுத்து வருகிறவன் திறந்தால்
முன்னால் இருந்தவன் எழுதியது
பாதி அங்கேயே கிடக்கும்.
அன்று அவள் சிரித்தாள்.
இப்போது பெட்டியின் சீட்டைப் படிக்கிறாள்:
ஆண். இருபத்தாறு. இடது.

வடக்கே அவர்கள் அத்தை எல்பா
வறண்ட ஆற்றங்கரையில்
தண்ணீர் லாரிக்கு வாளி வைத்துக் காத்திருப்பாள்.
நொடிக்கு இத்தனை லிட்டர் என்று
எல்லாம் யார் யாருக்கோ எழுதியாகிவிட்டது.
ஆற்றில் நீர் இல்லை,
பத்திரத்தில் இருக்கிறது.

மூன்று பத்து.
அவர் அக்காவின் எண்ணுக்கு ஒருமுறை,
துறைமுக வானொலிக்கு ஒருமுறை.
அங்கே கரகரப்பு, காற்று,
வேறு எவனோ பனிக்கட்டி விலை கேட்கிறான்.
விதியில் இல்லாத நான்கு நிமிடத்தை
யாஸ்னா தன் கணக்கிலிருந்து போட்டாள்.
அதை எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.

மூன்று பதினான்கு. இரண்டாம் பெயர்.
மகாலி ஒயார்சுன், வயது பத்தொன்பது.
முதல் மணியிலேயே எடுத்தாள்.
விவரம் முழுவதையும் கேட்டுக்கொண்டு
ஒரே சொல்தான் கேட்டாள்:
“எனக்கா?”

“உங்களுக்கு” என்று சொல்லும்போது
யாஸ்னாவின் சுட்டுவிரல்
திரையில் முதல் பெயரை மறைத்தபடி இருந்தது.

ஆறு இருபதுக்கு அவர் அழைத்தார்.
எஞ்சின் சத்தம், கடற்பறவைகள்.
ஒன்பது அழைப்பு விட்டுப்போயிருக்கிறதே, என்ன விஷயம்?
அவள் சொல்லவேண்டியதை
விதிப்படி இரண்டு வாக்கியத்தில் சொன்னாள்.
எஞ்சின் நின்றது.
தண்ணீர் படகை மெல்ல அறைவது மட்டும் கேட்டது.

பிறகு அவர் குரல்,
சந்தையில் கணக்குச் சொல்வதுபோல:
“அறுபதும் கிடைத்துவிட்டது, செனோரா.”

கொஞ்சம் பொறுத்து,
“நாளை செவ்வாய்.
நாற்காலி இருக்கிறதல்லவா?”

இருக்கிறது என்றாள்.
ஏழாம் எண்.
ஜன்னலோரம்.