மூன்றாம் ஜன்னல்

இரவு ஒன்பது மணிச் செய்தியில்
ஒருவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்:
ஐம்பது, நூறு ரூபிள் தாள்கள்
நள்ளிரவோடு செல்லாது.
நாரின் ஊரில் அப்போது முழங்கால் பனி.
வங்கிச் சாவி மேலாளர் ஜோல்தோஷ்பெக்கிடம்.
முத்திரை என்னிடம்.

அரசன் அன்றே கொல்வான் என்பார்கள்.
எங்கள் அரசு அப்படி அவசரக்குடுக்கை இல்லை.
மூன்று நாள் கொடுத்தது,
படிவம் கொடுத்தது,
நிற்பதற்கு ஒரு வரிசையும்.

தலைக்கு ஆயிரம்.
அதற்குமேல் வைத்திருப்பவர்
எங்கிருந்து வந்ததென்று எழுத வேண்டும்.
சய்பிதீன் எழுதினார்: ‘குதிரையிலிருந்து.’
ரசீது?
‘குதிரையை வாங்கியவன் குதிரையோடு போய்விட்டான், அம்மா.’
வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன்.
சிரித்தபடியே
நிராகரிக்கப்பட்டது என்ற முத்திரையை
மையில் ஒற்றினேன்.

இரண்டாம் நாள் அனிபா வந்தாள்.
கணவன் துர்சுன்பாய் முந்தின நாள் விடியலில் இறந்திருந்தான்.
அவன் கோட்டின் உள்துணியைப் பிரித்தபோது
ஒன்பது நூறு ரூபிள் தாள்கள்.
அவள் பங்குக்கு ஆயிரம் ஏற்கெனவே மாற்றியாயிற்று.
விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
இறந்தவருக்குத் தலை இல்லை.
ஆகவே தலைக்கு ஆயிரமும் இல்லை.
அவள் தாள்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.
அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் மதியம்
பின்கதவு திறந்தது.
தோல் தொழிற்சாலை இயக்குநரின் ஓட்டுநர்
உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றை இறக்கினான்.
மூட்டைக்குள் உருளைக்கிழங்கு இல்லை.
கூடவே நாற்பது படிவங்கள்,
நாற்பது தொழிலாளர்கள்,
ஒரே கையெழுத்து.
ஜோல்தோஷ்பெக் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்:
எல்லாம் சட்டப்படி இருக்கிறது, குத்து.

குத்தினேன்.
பதினேழாவது படிவத்தில் கை நின்றது.
துர்சுன்பாய், தோல் பதனிடும் பிரிவு,
ஆயிரம் ரூபிள்.
இந்தக் கதவு வழியாக வந்தபோது
அவனுக்குத் தலை இருந்தது.

அதையும் குத்தினேன்.

பிப்ரவரியில் எங்களுக்குச் சம்பளம் வரவில்லை.
மாவு கடன் கேட்டு
அனிபா வீட்டுக்குத்தான் போனேன்.
ஜன்னல் இடுக்குகளில் பசை தடவி
நூறு ரூபிள் தாள்களை ஒட்டியிருந்தாள்.
ஓரத்தில் பொடி எழுத்து தெளிவாகவே தெரிந்தது:
போலித் தாள் அச்சடிப்போர்
சட்டப்படி தண்டிக்கப்படுவர்.
காற்று அதைப் படித்ததோ என்னவோ,
உள்ளே வரவில்லை.

பதினேழாவது படிவத்தைப் பற்றி
நான் வாய் திறக்கவில்லை.
அவள் இரண்டு கிண்ணம் மாவு
அளந்து போட்டாள்,
தலைதட்டாமல்.