கடைசித் தாள்

விதிலிங்கோம் எந்த மர்ம நாவல் வாங்கினாலும்
முதலில் கடைசித் தாளைக் கிழித்து
என்னிடம் தந்துவிடுவான்.
“நீயே வச்சுக்கோ. கெஞ்சினாலும் கொடுக்காதே.”
(வைத்திலிங்கம் என்று கப்பலேறிய பெயர்.
போர்ட் லூயியில் இறங்கும்போது
எழுதினவன் காதில் இப்படி விழுந்திருக்கிறது.)
என் இழுப்பறையில் பத்தொன்பது கொலைகாரர்கள்,
மருந்துச் சீட்டுக்கும் நகவெட்டிக்கும் நடுவே.
ஒருவனையும் நான் பார்த்ததில்லை.

இந்த எலும்புகள்
ஃபிளாக் பக்கத்து ஆலையில்
புகைபோக்கியை இடித்தபோது வந்தவை.
சுண்ணாம்புக் குழிக்குள், குப்புற.
பின்மண்டையில் ஒரு விரிசல்,
இடுப்பருகே பித்தளைப் பொத்தான் ஒன்று.
தோட்டத்துப் பதிவேடு, 1871, நவம்பர்:
எண் 3,41,667. வீரபத்திரன். தென்னாற்காடு.
தப்பியோடினான்.
அதற்கடுத்த தாள் இல்லை.
தைத்த நூலோரம்
கிழிசலின் பல்வரிசை மட்டும்.

ஊருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?
கோயில் சங்கத்தார் மாலையோடு வந்தார்கள்.
“ஓடலைங்க. கொன்னுட்டாங்க.”
நானும் நம்பினேன்.
நம்புவதற்கு ஆய்வகம் எதற்கு?

கடைவாய்ப் பல்லில் கடுகளவு சுரண்டி
அமிலத்தில் கரைத்து அனுப்பினேன்.
பல்லின் எனாமல் ஒரே முறைதான் எழுதும்:
பிள்ளை வயதில் குடித்த தண்ணீர்,
அந்தத் தண்ணீர் தடவி வந்த பாறை.
பிறகு அதைத் திருத்த முடியாது,
துரையாலும், துரையின் குமாஸ்தாவாலும்.
தென்னாற்காட்டுப் பாறை கிழம்.
அதன் ஸ்ட்ரான்சியம் கணக்கு
0.71ஐத் தாண்டி ஏறும்.
இந்தத் தீவோ நேற்று உறைந்த எரிமலைக் குழம்பு.
0.704, கொஞ்சம் முன்னே பின்னே.

புயல் எச்சரிக்கை இரண்டாம் வகுப்பு.
ஜன்னல் கண்ணாடிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தபோது
ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து மின்னஞ்சல்.

0.7043.

விதிலிங்கோம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.
“இங்கேயே பொறந்தவனா?”
“இங்கேயே.”
“அப்போ வீரபத்திரன்?”
காற்று கதவைத் தட்டிவிட்டு
வெளியிலேயே நின்றது.

“அதே மாசம் துரை மகன் கடல்ல போயிட்டான்னு
தேவாலயத்துல கல்லு இருக்கே!”
அவன் குரலில் முந்நூறாம் பக்கத்துச் சந்தோஷம்.
இருவரும் பொத்தானைப் பார்த்தோம்.
தன்னைப் போட்டுக்கொண்டது யார் என்று
பொத்தானுக்குத் தெரியாது.

இதே எண்தான் வரும்
கூலி லயத்தில் பிறந்த குழந்தைக்கும்.
எரிமலை ஆள் பார்த்துத் தண்ணீரில் கரைவதில்லை.
கரிமத்தையும் பார்த்தாயிற்று:
கரும்பின் இனிப்பில் வளர்ந்த வாய்.
திருடிக் கடித்ததா,
வெள்ளிக் கரண்டியில் கொடுத்ததா,
கரிமம் அவ்வளவு தூரம் வராது.
முன்பல்லில் ஒரு சின்னத் தேய்வு.
சோகை உரித்த தேய்வாக இருக்கலாம்.
புகைக்குழாய் கவ்விய தேய்வாகவும் இருக்கலாம்.

மாலை இன்னும் குளிர்பெட்டியில் இருக்கிறது,
அமிலப் புட்டிகளுக்குப் பக்கத்தில், ஈரத்துணி சுற்றி.
காலையில் வருவார்கள். என்ன சொல்ல?
செத்தவன் உங்கள் ஆள் இல்லை,
கொன்றவன் ஒருவேளை உங்கள் ஆள் என்றா?
கொல்லக் காரணம் இருந்திருக்கும் என்றா?
ஓடியவன் பேர் மாற்றிப் பிள்ளை பெற்று
அந்த வழியில் வந்த விரல்கள்தான்
இந்த மாலையைக் கட்டினவோ என்றா?
தேய்த்துத் தேய்த்து நாலாம் தசமம் வரை போனேன்.
அங்கே ஒரு மூன்று இருந்தது.
அவ்வளவுதான்.

மின்சாரம் போனது.
இருட்டில் விதிலிங்கோம்,
“எடு, அந்தத் தாளை.”
“எந்த நாவலோடது?”
“எதுவா இருந்தா என்ன?
இன்னிக்கு ஒருத்தன் பேராவது தெரிஞ்சாகணும்.”

இழுப்பறைக்குள் கை விட்டேன்.
விரலில் தட்டுப்பட்டது ஒரு கிழிந்த ஓரம்,
பதிவேட்டில் பார்த்த அதே பல்வரிசை.
அங்கேயும் ஒருவன் கிழித்து
யார் கையிலோ திணித்திருப்பான்,
வச்சுக்கோ என்று.

கெஞ்சினான்.
நான் கொடுக்கவில்லை.