ஆறு மில்லிமீட்டர்

நோட்டரி அலுவலகத்தில் எனக்கு இரண்டாம் மாடி.
ஏறும்போது ஒன்றுமில்லை.
இறங்கும்போதுதான் வலது முழங்கால்
மணல் விழுந்த கீல் மாதிரி பேசும்.
பத்திர நகல் வாங்க வருகிறவர்கள்
சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடுகிறார்கள்,
ஐம்பத்தொரு வயதுக்காரிக்கு.
அவர்களுக்குத் தெரியாது,
ஞாயிறுதோறும் சொகமோசோவில் கிளம்பி
எல் க்ருசேரோ கணவாய் ஏறி
தோத்தா ஏரியில் கைகழுவித் திரும்புகிறவள் நான் என்று.

திரும்பிக்கொண்டிருந்தவள்.
பத்திரத்தில் காலம் முக்கியம்.

பிசியோ யெசித்துக்கு என் வயதில் பாதி.
ஒரு மரப்படியில் நிறுத்தி
ஒற்றைக்காலில் மெல்ல இறங்கச் சொன்னான்.
பக்கத்துக் காலிடம் ரகசியம் சொல்லப்போவதுபோல்
முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தது.
"சில்லு நன்றாகத்தான் இருக்கிறது,
அது ஓடுகிற தடம் சரியில்லை" என்றான்.

எனக்குச் சில்லுகள் நான்கு.
இரண்டுக்குக் காற்றடிப்பேன்,
மாதம் ஒருமுறை கோட்டம் எடுப்பேன்,
மழையில் நனைந்தால் பழந்துணியால் துடைப்பேன்.
மற்ற இரண்டை
இத்தனை வருஷம் ஏனென்று கேட்டதில்லை.

இருக்கைத் தண்டில் ஒரு கறுப்பு நாடா.
அதற்குமேல் இருக்கையை ஏற்றியதில்லை, இறக்கியதில்லை.
என்னை நிற்கவைத்து அளந்து ஒட்டியவன் எவேலியோ.
அவன் போய்ப் பதினெட்டு வருஷம்.
யெசித் நகத்தால் நாடாவை உரித்தெடுத்து
இருக்கையை ஆறு மில்லிமீட்டர் உயர்த்தினான்.
ஒரு பட்டாணி உயரம்.
அவ்வளவு தாழ்வாகவா உட்கார்ந்திருந்தேன்!

இரவில் அதே பட்டாணியை
உறைந்த அரைக்கிலோ பொட்டலமாக
முழங்காலில் கட்டிக்கொண்டு செய்தி பார்க்கிறேன்.
வியாழக்கிழமை அதையே சூப்பில் போட்டேன்.

"கனத்த கியரில் மிதிக்கக் கூடாது.
நிமிடத்துக்கு எண்பது சுற்று, இலேசாக."
பால் லாரி ஓட்டும் லெயோவிஹில்தோ
என் கால்கள் பறப்பதைப் பார்த்துச் சிரித்தான்:
"என்ன, தையல் மெஷினா? எனக்கொரு சட்டை தை."

இரண்டாவது வாரம் யெசித்திடம் பொய் சொன்னேன்.
சமதரையில் இருபது கிலோமீட்டர்தான் என்றேன்.
அவன் பதில் பேசாமல்
சில்லுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினான்.
என் வாய் "ஆ" என்றது.
பிறரிடம் உறுதிமொழி எழுதி வாங்குவது என் பிழைப்பு.
என் உடம்புக்குள்ளேயே
ஓர் அப்ரூவர்.

ஏழாவது வாரம் விட்டான்.
மூடுபனி. பால் கேன்கள். துரத்தாத நாய்.
வெங்காய லாரி கடந்துபோன பிறகும்
வளைவு முழுக்கக் கண்ணெரிச்சல்.
எண்பது, எண்பது, எழுபத்தாறு, எண்பது.
மாதா சிலை இருக்கும் திருப்பத்தில்
உள்ளிருந்து யாரோ ஒற்றை விரலால் கதவைத் தட்டினார்கள்.
உச்சிக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர்.

முன்பென்றால் பல்லைக் கடித்திருப்பேன்.
கடித்துத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

"நீ போ" என்று லெயோவிஹில்தோவை அனுப்பிவிட்டுக்
கடைக்காரியிடம் சூடாக வெல்லத்தண்ணீர் வாங்கி
பாலாடைக்கட்டியைக் கிள்ளிப் போட்டேன்.
"பஞ்சரா?" என்றாள்.
"மூன்றாவது சில்லில்" என்றேன்.
அவள் வண்டியை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

மேலே போகிறவர்களின் முதுகு மட்டும் தெரிந்தது.
ஒரு சிறுமி எழுந்து நின்று மிதித்துப் போனாள்.
பொறாமையாக இருந்தது. இருந்தால் என்ன.

ஒன்றரை மணிநேரம் கழித்து அவன் இறங்கி வந்தான்,
சட்டையின் பின்பையில் ஒரு கட்டு வெங்காயத்தாள்,
வால் முளைத்தவன் மாதிரி.
"ஏரி அங்கேயேதான் இருக்கிறது" என்று
பாதிக் கட்டை எனக்குப் பிரித்துக் கொடுத்தான்.

திங்கட்கிழமை. முப்பத்தாறு படி.
கைப்பிடியைத் தொடாமல் இறங்குகிறேன்.
இருபத்தொன்று வரை சத்தமில்லை.
இருபத்திரண்டில் கொஞ்சம்.
கீழே காத்திருந்த வக்கீல் மூக்கைச் சுளிக்கிறார்:
என் கைப்பையில் இன்னும் வெங்காயம் மணக்கிறது.