எட்டில் ஐந்து

நான் நிறுத்தியது எட்டுத் தூண்.
வார்ப்பிரும்பு. ஒவ்வொன்றும் பன்னிரண்டடி.
கெண்ட் நகருக்கு வெளியே, வெர்ஸ்த்ராத்தின் தோட்டத்தில்
அசேலியாச் செடிகள் குளிர்காலம் கழிக்க
ஒரு கண்ணாடி மாளிகை.
பனியின் எடையைக் கணக்கிடவே நான்கு மாதம் போயிற்று.

கோடலீவ் தீட்டிய படத்தில் ஐந்துதான் இருக்கின்றன.

மீதி மூன்று எங்கே என்றேன்.
"வெயில் தின்றுவிட்டது" என்றாள்
தூரிகையைக் கந்தலில் துடைத்தபடி.

கதவு இல்லை.
கதவிருந்த இடத்தில் மஞ்சள் சிந்திக் கிடக்கிறது.
சாரத்தில் தொங்கி நான் சரிபார்த்த கூரை விளிம்பு
பாதி வழியில் மனம் மாறி
பாப்லர் மரங்களோடு போய்விட்டது.
இரண்டு சிவப்புத் தீற்றல்: வெர்ஸ்த்ராத்தின் மகளா, அவள் குடையா?
இரண்டும்தானாம்.
குளத்தில் தலைகீழாய்க் கிடக்கும் கட்டடம் மட்டும்
கொஞ்சம் உறுதியாகத் தெரிகிறது.

வெர்ஸ்த்ராத் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கினார்:
"தெரியாத தூணுக்கும் நான்தானே பணம் கொடுத்தேன்?"

தோட்டக்காரன் ரெம்பெர்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான்.
"இது பத்தேகால் மணி" என்றான்.
"இந்த ஊதா, சரளையில் நான் தெளித்த தண்ணீர்.
இந்த வெள்ளை, வெயிலுக்காகக் கண்ணாடிக்கு அடித்த சுண்ணாம்பு.
மூன்றாம் வரிசையில் வாளி காலியாகிவிட்டது.
அதையும் போட்டிருக்கிறாள், பாருங்கள்."

அன்று மாலை அளவு நாடாவோடு போனேன்.
எட்டு.
எண்ணிய பிறகுதான் வெட்கமாயிருந்தது.

மறுநாள் பத்தேகாலுக்கு மறுபடி.
புல்லில் அவள் படச்சட்டம் ஊன்றிய மூன்று குழிகள்.
நடுவே நின்று கண்ணைப் பாதி மூடினேன்.
ஆறு!
"ஆறு தெரிகிறதே!" என்று கத்தினேன்
வழக்கில் வென்றவன் மாதிரி.
படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தவள்
நிமிராமலே சொன்னாள்:
"நேற்று அந்த லாரல் புதரை வெட்டினார்கள்."

காயாத படம் என்று முதல் நாள் யாரும் சொல்லவில்லை.
எங்கே தொட்டேனோ,
கட்டைவிரலில் ஏறி வந்த பச்சை
அடுத்த வேலையின் வரைபடத்தில்
வடக்குச் சுவரை ஒட்டி அப்பிக்கொண்டது.
பேனாக்கத்தியால் சுரண்டினேன். காகிதம்தான் மெலிந்தது.

புதிய மனையில் வரைபடத்தை விரித்த கொத்தனார்
அதன்மேல் விரல் வைத்துக் கேட்டார்:
இது என்ன ஐயா, கிணறா, மரமா?

தெரியவில்லை, என்றேன்.
அந்த இடத்தில் மட்டும் எதுவும் கட்டவேண்டாம்.