எழுபத்தொரு கிலோ

ஸ்டான்லி வீதிக் கடையில்
டிரெட்மில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது
மேலே ஆளில்லாமல்.
சட்டைப்பையில் லதுசன் என்று பேர் தைத்த பொடியன்
"அக்கா, மெலியவோ?" என்றான்.
இல்லை என்றேன்.
"அப்ப ஷேப்புக்கோ?"

முதல்நாள் இரவு யூரியூப்பில் மூன்று திட்டம் பார்த்தேன்.
இருபத்தொரு நாளில் தட்டை வயிறு.
கலியாண வீட்டுக்கு முன் கையில்லாச் சட்டைக்கான கை.
மூன்றாவதில் ஒரு வெள்ளைக்காரி
கடற்கரையில் குந்திக் குந்தி எழும்பினாள்,
அவளுக்கும் வியர்க்கவில்லை
பின்னாலிருந்த கடலும் அசையவில்லை.
ஒருத்தரும் கேட்கவில்லை
நீ எதைத் தூக்க வேணும் என்று.

மார்க்கத்தில் இருந்து மச்சாள் காசு போட்டிருந்தாள்.
"மடிச்சு வைக்கிற மெஷின் வாங்குங்கோ அண்ணி,
வீட்டுக்குள்ளயே நடக்கலாம்."
வீட்டுக்குள் நான் நடக்காத நடையா?
கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் இரண்டரை அடி,
தையல் நாடா வைத்து அளந்தேன்.
அதற்குள் சக்கரக் கதிரை நிற்க வேணும்,
நான் நிற்க வேணும்,
மிச்சத்துக்குள்தான் உடற்பயிற்சி.

பாரம் எனக்குத் தெரியாததில்லை.
காஸ் சிலிண்டரை உருட்டியே குசினி வரை கொண்டுபோவேன்.
இருபது லீற்றர் தண்ணிக் கானை
கேற்றடியில் இருந்து ஒரே மூச்சில்.
அவையெல்லாம் சொல்வழி கேட்கும்.
பிடித்துத் தூக்கக் காது இருக்கும்.
மனிசருக்கும் காது இருக்கிறது,
பிடித்துத் தூக்கத்தான் ஏலாது.

யோகச்சந்திரன் எழுபத்தொரு கிலோ.
பெரியாஸ்பத்திரியில் கதிரையோடு நிறுத்து
கதிரையைக் கழித்துச் சொன்னார்கள்.
தை மாதம் கைதடியில் மோட்டச்சைக்கிள் சறுக்கிய பிறகு
இடுப்புக்குக் கீழே
அவருக்கு ஒன்றும் சொந்தமில்லை.
கட்டிலால் கதிரைக்கு, கதிரையால் கட்டிலுக்கு,
ஒரு நாளைக்கு ஆறு தரம்.
போன கிழமை என் முதுகு ஒரு சத்தம் போட்டது,
இருவரும் அப்படியே கட்டில் விளிம்பில் இருந்தோம்,
ஆர் ஆரைப் பிடித்திருக்கிறோம் என்று தெரியாமல்.
"நான் மெலியிறன்,
நீ பாரம் தூக்கப் பழகு,
நடுவில எங்கையாவது சந்திப்பம்" என்றார்.

லதுசன் ஊதா நிறத்தில் இரண்டு கிலோ டம்பெல் நீட்டினான்.
"லேடீஸ் எல்லாரும் இதுதான் எடுக்கிறது."
இரண்டு பைக்கற் கோதுமை மா.
மூலையில் கறுப்பாய் ஒன்று குந்தியிருந்தது,
கைபிடி வைத்த கெட்டில்பெல், பதினாறு கிலோ.
பிசியோ பிள்ளை சொல்லித்தந்தபடி
காலை அகட்டி, முழங்காலை மடித்து,
முதுகுக்கு வேலை கொடுக்காமல்
எழும்பினேன்.
அது என்னோடு வந்தது.

பொடியன் டிரெட்மில்லை நிற்பாட்டினான்.
"அக்கா, ஆருக்கு இது?"
"என்ரை மனிசனுக்கு."
"அப்ப அவரை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்,
தூக்கிப் பாக்கட்டும்."
"அவரைக் கூட்டிக்கொண்டு வாறதுக்குத்தான் தம்பி
இது."

இடுப்பில் கட்டுகிற அகலப் பட்டி ஒன்றும்
வழுக்காத விரிப்பொன்றும் எடுத்தேன்.
மிஞ்சிய காசைப் பற்றி
மச்சாளுக்கு இன்னும் சொல்லவில்லை.

பஸ்ஸில் பையை வைக்க
தகரம் டொங்கென்றது.
"என்னக்கா பைக்குள்ள, குண்டோ?"
கொண்டக்ரர் பொடியனுக்கு இருபது வயதிருக்கும்.
பின்னால் நின்ற ரியூசன் பிள்ளைகள் சிரித்தார்கள்.
முன்சீற்றில் என் வயதுக்காரி ஒருத்தி
திரும்பிப் பையைப் பார்த்தாள்,
பிறகு என்னை.
நான் சிப்பைத் திறந்து காட்டினேன்.

பின்னேரம் தொடங்கியது.
எட்டுத் தரம் தூக்க வேணும், மூன்று முறை.
கரண்ட் இல்லை, காத்தாடி நின்றுபோய்க் கிடந்தது.
கட்டிலில் கிடந்தபடி யோகன் எண்ணினார்,
ஒன்று, இரண்டு, மூன்று
பள்ளிக்கூட பீ.ரீ. மாஸ்ரர் மாதிரி.
என் துடை நடுங்கத் தொடங்கியதைக் கண்டிருக்க வேணும்.
ஆறு என்றார்.
அடுத்ததுக்கு நான் எழும்ப
கள்ளன்,
திரும்பவும் ஆறு என்றார்.