பார்வையிட்டவர் கையொப்பம்

சான்றுக் கிடங்கு ரயில் பாதைக்கு அடியில் இருக்கிறது.
சரக்கு வண்டி போகும்போதெல்லாம்
அலமாரிகள் ஏதோ சொல்ல வந்து
விட்டுவிடும்.
இருபத்தாறு வருஷம் அங்கே எனக்கு வேலை.
ஒரு ஹீட்டர், ஒரு நாற்காலி, சாவிக்கொத்து.
வலது கோடியில், கீழிருந்து மூன்றாம் தட்டில்
ஏழு பெட்டிகள்.

நூலகப் பேருந்தின் ஓட்டுநர் அவன்.
செவ்வாய் மர அறுவை ஆலைக் குடியிருப்பு,
வியாழன் ஏரிக்கு அக்கரை.
'கேட்ட புத்தகத்தைத் தேடித் தருவார்' என்றார்கள்
சாட்சிக் கூண்டில் ஏறியவர்கள் எல்லாரும்,
வாங்கிக்கொண்ட தங்கள் கைகளைப் பார்த்தபடி.
அந்த வருஷம் ஊரில் யாரும்
ஒரு புத்தகமும் இரவல் வாங்கவில்லை.
பேருந்தை என்ன செய்வதென்று
நகராட்சி எட்டு வருஷம் கூடிக் கூடிக் கலைந்தது.
கடைசியில் நசுக்கி உருக்கினார்கள்.
இரும்புக்கு ஞாபகமா இருக்கிறது?
என் வீட்டு சூப் கரண்டியில்கூட
அதில் ஒரு துளி இருக்கலாம்.

நான்காம் பெட்டியில்
சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை, இடக்கைக்கானது;
தக்காளி வளர்ப்பு பற்றி ஒரு நூலகப் புத்தகம்.
உள்ளட்டையில் ஊதா முத்திரை:
1974 பிப்ரவரி 12-க்குள் திருப்பித் தரவும்.

துவோவியின் அம்மா ஹில்யா
வருஷம் தவறாமல் அந்தத் தேதியில் வருவார்,
பூட்ஸ் பனியை வாசலிலேயே தட்டிவிட்டு.
"இந்த முறையாவது தருவீர்களா?"
ஆறாம் பெட்டிக்காரியின் உடல் கிடைக்கவில்லை.
உடல் கிடைக்காமல் வழக்கு மூடாது.
மூடாத வழக்கின் பொருளை வெளியே விட விதியில்லை.
சிறையில் அவன் ஈரல் அழுகிச் செத்த பிறகும்
அதே விதி. அதை ஒப்பிக்க
அதே நான்.
பார்க்கலாம், தொடக்கூடாது,
இங்கே கையெழுத்துப் போடுங்கள்.

"வலக்கை உறையை யாராவது தேடினீர்களா?"
தேடினார்கள். அவர் கேட்டார் என்பதற்காகவே
மூன்று கோடைகள் முக்குளிப்போர் ஏரியில் இறங்கி
ஒரு சைக்கிளோடும் நிறைய பாட்டில்களோடும்
கரையேறினார்கள்.
ஒருமுறை காகிதத்தில் மடித்து
நாப்தலின் உருண்டைகள் கொண்டுவந்தார்.
"கம்பளி. பூச்சி அரிக்கும்."
போட்டேன். அது விதிமீறல்.

ஹெல்சின்கியிலிருந்து பாட்காஸ்ட் செய்ய வந்தவன்
அவனுடைய மூக்குக்கண்ணாடியைத்தான் பார்க்கக் கேட்டான்.
தாய்மார் யாரும் வருவதுண்டா, அழுவார்களா என்றான்.
நாப்தலின் கொண்டுவருவார்கள் என்றேன்.
அவனுக்கு அது உதவவில்லை.

பிறகு விதி மாறியது.
நானே கடிதம் எழுதினேன், நானே தபாலில் சேர்த்தேன்.
ஹில்யாவை அடக்கம் செய்து
பதினொரு வாரம் ஆகியிருந்தது.

இளைய மகள் மார்கெத்தா வந்தாள்.
அப்போது ஒன்பது வயது, இப்போது தலை நரைத்தவள்.
பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன்.
தொடவில்லை.

"இது என்னுடையது.
கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொள்வாள்.
அதனால் அன்று ஒன்றை ஒளித்துவைத்தேன்.
ஒரு கை வெறுமையாகத்தான் போனாள்.
மற்றது இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது."

மேலே ஒரு வண்டி போனது. நீளமான வண்டி.

"அம்மாவிடம்?" என்றேன்.
"ஏரியில் ஆட்கள் இறங்கியதை
ஜன்னலில் நின்று பார்த்தோம், அவளும் நானும்.
அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?"

புத்தகம் வேண்டாம் என்றாள், உறையும் வேண்டாம்.
பதிவேட்டைக் கேட்டாள்.
நாற்பத்தெட்டு ஹில்யாக்கள்,
ஒரே தாளின் இரு பக்கமும்.
முதலாவது நிமிர்ந்து நிற்கிறது.
கடைசியில் சிலவற்றை
எழுத்து என்று சொல்ல நான் இருந்தாக வேண்டும்.
ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துக்கொண்டே வந்தாள்.
பதிவேடு அரசாங்கச் சொத்து, கொடுக்க முடியாது என்றேன்.
பிறகு காபி போட
உள்ளே போனேன். வழக்கத்தைவிட நேரமானது.

அடுத்த மாதம் எனக்கு ஓய்வு.
பதிவேட்டில் அறுபதாம் பக்கத்துக்குப் பிறகு
அறுபத்து மூன்று வருகிறது.
தணிக்கைக்காரர் கேட்டால்
எலி என்பேன்.