ஒரு சதுர மீற்றர்

தெல்லிப்பழையில் மருந்து ஏற்றிப் பதினேழாம் நாள்
மாங்குளத்தில், கிணற்றடியில், தலைவாரினேன்.
சீப்போடு வந்தது பாதி முடி.
சுருட்டி வேலிக்கு அப்பால் எறிந்தேன்.
ஏதோ ஒரு குருவி
அதையும் கூட்டுக்குக் கொண்டுபோனது.

மருந்தின் நிறம் சிவப்பு.
செவ்வரத்தம் பூவைக் கசக்கிப் பிழிந்தாற்போல.
"சலம் சிவப்பாப் போகும் அக்கா,
பயப்பிடாதேங்கோ" என்றாள் நேர்ஸ்.
நான் அம்பகாமத்தில் கண்ணிவெடி எடுக்கிறவள்.
பதினொரு வருசம், முழங்காலில்.
சிவப்புத் தடிக்கு அப்பால் கால் வையாதே:
எங்களுக்கு இருக்கிற வேதம் அவ்வளவுதான்.

இந்த மருந்துக்குத் தடி கிடையாது.
ஷெல் விழுந்த மாதிரி.
கட்டியைத் தேடி வந்தது
நகத்தைக் கறுப்பாக்கி
நாக்கிலிருந்து உப்பை எடுத்துக்கொண்டு
இதயத்தின் ஓரத்தையும் ஒருக்கால் தட்டிப் பார்த்தது.

மச்சாளின் மகள் சுலக்சிகா
பனி கொட்டும் ஊரொன்றில்
எலிகளோடு வேலைசெய்கிறாள்.
வைபரில் ஒரு படம் அனுப்பினாள்.
"டிஎன்ஏயை மடிக்கிறம் மாமி."
ஒரே ஒரு நீள இழை.
அங்கங்கே பிடித்துவைக்க இருநூறு குட்டி இழைகள்.
சூடாக்கி ஆறவிட்டால்
ஊசியில்லாமல் தன்னைத் தானே தைத்துப்
பெட்டியாகி நிற்குமாம்.
உள்ளே அதே சிவப்பு மருந்து.
மூடிக்கு இரண்டு பூட்டு.
திறப்பு இருப்பது
புற்றுக் கலத்தின் தோலில்.
அதில் முட்டும்வரை
இரத்தம் முழுக்கச் சுற்றினாலும் வாய் திறவாது.

டிஎன்ஏ.
அந்தச் சொல்லை நான் முன்பே அறிவேன்.
காணி வெட்டையில் எலும்புகள் வந்த வருசம்
என் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து
குழாயில் போட்டு, இலக்கமிட்டுக் கொண்டுபோனார்கள்.
தம்பி சீலன் அதற்குள் இருக்கிறானா என்று பார்க்க.
இன்னும் பதில் இல்லை.
அதுவும் ஒரு திறப்புத்தான்.
எந்தப் பூட்டுக்கு என்று
ஒருவரும் சொல்லவில்லை.

"பெட்டி பிழையான இடத்தில திறந்தா?"
என்று கேட்டேன்.
"அதைத்தான் மாமி நாலு வருசமாப் பாக்கிறன்."
அப்போதுதான் விளங்கியது
அவளும் என் தொழில்தான்.
ஒரு வெடிக்கு நானூறு ஆணி,
மீன்ரின் மூடி, சைக்கிள் கம்பி.
ஒவ்வொன்றுக்கும் கருவி கத்தும்.
ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடிக்கவேண்டும்.

"மனிசருக்கு எப்ப?"
நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தாள்.
வந்தது ஒரு வரி:
"இன்னும் எலியிலதான் நிக்குது."

ஆறுதலாச் செய் என்று எழுதினேன்.
களத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்வது.
அழித்தேன்.
கெதியாச் செய் என்று எழுதினேன்.
அதையும் அழித்தேன்.
கடைசியில் ஒரு படத்தை அனுப்பினேன்:
வெள்ளைத் தடி நட்ட மண்,
ஓரத்தில் யாரோ கழற்றிவைத்த கையுறை.
எனக்குப் பதிலாகப் பாமினி
நேற்று முடித்த
ஒரு சதுர மீற்றர்.